கணக்குப் புத்தகமும் கண்ணீர்ப் புத்தகமும்

ஆதார வேதபகுதி: யாத்திராகமம் 38:21-31, 2 கொரிந்தியர் 8:16-22



இந்தப் பாடம் விசேஷமாய் ஆலோசனை ஊழியம் செய்கிறவர்களுக்கு. வாரம் ஒருநாள் கதவைத் திறந்து வைத்து, பாரத்தோடு வருகிறவர்களை உட்காரவைத்து, ஒரு மணி நேரம் கேட்டு, ஜெபித்து அனுப்புகிறீர்களே, உங்களுக்குத்தான். போகும்போது அவர்கள் உங்கள் கையில் எதையோ மடித்து வைத்துவிட்டுப் போகிறார்கள். அது எங்கே போகிறது? இதைப் பிரசங்க பீடத்தில் நாம் பேசுவதில்லை. நானும் பேசவில்லை. பேசாததால் பட்ட அடியைத்தான் முதலில் எழுதுகிறேன்.

1997ம் வருஷம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன சபையில் ஊழியம். வியாழக்கிழமைதோறும் ஆலோசனைக்கு உட்காருவேன். தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்த ஒரு சகோதரி ஒன்றரை வருஷம் தவறாமல் வந்தாள். வீட்டில் பெரிய பாரம். போகும்போது பத்தோ இருபதோ மடித்து என் வேதாகமத்துக்குள் வைப்பாள். ஒரு தடவை சீட்டு எடுத்த பணத்தில் ஐந்நூறு வைத்தாள். "வேண்டாம்மா" என்பேன், அப்புறம் வாங்கிக்கொள்வேன். என்னிடம் ஒரே ஒரு நோட்டு இருந்தது. தேதி, பெயர், அவர்கள் சொன்ன பாரம், ஜெபக்குறிப்பு எல்லாம் அதிலே. ஞாபகம் வந்தால் ஓரத்தில் தொகையையும் எழுதுவேன். ஞாபகம் வராத நாளும் உண்டு.

ஒருநாள் சாயங்காலம் அவள் புருஷன் வந்தார். கூட அவளுடைய அண்ணனும் வந்தார். சத்தம் போடவில்லை. "பாஸ்டர், நான் சண்டைக்கு வரல. எங்க வீட்டுக்காரி இந்த ஒன்றரை வருஷத்துல உங்ககிட்ட எவ்வளவு கொடுத்திருக்கா? அதை மட்டும் சொல்லிருங்க" என்றார்.

நோட்டை எடுத்தேன். திறந்தேன். தொகை எழுதியிருந்த ஒவ்வொரு ஓரத்துக்கும் பக்கத்திலே அவள் அழுது சொன்ன வார்த்தைகள் இருந்தன. பாதி அந்த மனுஷனைப் பற்றியவை. நோட்டைக் காட்டினால் நான் யோக்கியன் என்று நிரூபணமாகும், ஆனால் அவளைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். மூடினால் அவள் காக்கப்படுவாள், நான் திருடன் ஆவேன். மூடிவிட்டேன். "அப்ப ஏதோ மறைக்கிறீங்க" என்று எழுந்து போனார். மறுவாரம் டீக்கடையில் என் பெயரோடு எட்டாயிரம் ரூபாய் என்று ஒரு கணக்கு சுற்றியது. அந்தச் சகோதரி வருவது நின்றுபோயிற்று. இதன் முடிவைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. "ஆண்டவரே, உமக்குத் தெரியுமே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருக்குத் தெரியும், வாஸ்தவம். அந்தப் புருஷனுக்குத் தெரியவேண்டாமா? எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப் பணத்தைக் கொண்டுபோகும் காரியத்தில் பவுல் இதைத்தான் எழுதுகிறார்: கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் ஒழுங்காய் இருக்கவேண்டும் என்று கவலைப்படுகிறார். அதற்காகத் தீத்துவை அனுப்புகிறார், அவனோடுகூட இன்னும் இரண்டு சகோதரரை அனுப்புகிறார். அவர்களில் ஒருவனைச் சபைகளே தெரிந்தெடுத்தன. பவுல் நம்பத்தகாதவரா? இல்லை. குற்றம் சொல்ல ஒருவனுக்கும் இடம் இருக்கக்கூடாது என்பதற்காகவே.

ஆசரிப்புக்கூடாரத்தின் கணக்கு

கணக்கு எழுதுவது மாம்சத்தின் வேலை, ஆவிக்குரியவர்களுக்கு அது தேவையில்லை என்று சொல்லுகிறவர்கள் யாத்திராகமம் 38ம் அதிகாரத்தை ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு வாசியுங்கள். நான் அப்படித்தான் வாசித்தேன். அதற்கு முன் அந்த வசனங்களை எத்தனை வருஷம் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேனோ!

எண்ணப்பட்ட புருஷர் 6,03,550 பேர். தலைக்கு அரைச்சேக்கல் வெள்ளி. பெருக்கிப் பாருங்கள், 3,01,775 சேக்கல். வேதம் சொல்லும் வரவு 100 தாலந்தும் 1,775 சேக்கலும். ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று வைத்தால் இரண்டும் ஒன்றே. சரி, செலவு? பாதத்துக்கு ஒரு தாலந்து வீதம் நூறு பாதங்கள் வார்த்தார்கள். மீதி 1,775 சேக்கலில் தூண்களின் கொக்கிகளும் குமிழ்களின் தகடும் பூண்களும். இருப்பு பூஜ்யம். ஒரு சேக்கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அல்லேலூயா! வனாந்தரத்தில் இப்படி ஒரு கணக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேலை செய்தவன் பெசலெயேல். கணக்கைப் பார்த்தவன் ஆரோனின் குமாரனாகிய இத்தாமார். செலவழிக்கிற கை வேறு, எழுதுகிற கை வேறு. யோவாஸ் ராஜாவின் நாளில் காணிக்கைப் பெட்டி நிறைந்தபோது ராஜாவின் எழுத்தனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணினார்கள் (2 இராஜா. 12:10). ஒருவர் அரமனை ஆள், மற்றவர் ஆலய ஆள்.

இரண்டு புத்தகம்

கடை வைத்திருக்கிறவனுக்கு இல்லாத கஷ்டம் ஆலோசனை ஊழியனுக்கு உண்டு. கடைக்காரன் கணக்கை யாருக்கும் காட்டலாம். நம்மிடத்தில் யார் வந்தார்கள் என்பதே இரகசியம். ஆகவே காட்டவேண்டியதையும் மறைக்கவேண்டியதையும் முதல் நாளே பிரித்துவிடவேண்டும். பணத்தின் புத்தகம் யார் கேட்டாலும் திறக்கும்படி இருக்கட்டும். கண்ணீரின் புத்தகம் யார் கேட்டாலும் திறக்காதபடி இருக்கட்டும். ஒன்றில் இருப்பது மற்றதில் ஒரு வரிகூட வரக்கூடாது.

நாங்கள் செய்கிறதைச் சொல்லுகிறேன். ஆலோசனை அறைக்குள் பணம் வருவதில்லை. வெளி வராந்தாவில் ஒரு மேஜை, அதில் ஒரு சகோதரி. கொடுக்க விரும்புகிறவர்கள் அங்கே கொடுத்து ரசீது வாங்கலாம், அல்லது பூட்டின பெட்டியில் போடலாம், அல்லது ஒன்றும் கொடுக்காமல் போகலாம். யார் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்! நூறு ரூபாய் வைத்தவருக்கு ஜெபம் நீளும், பத்து ரூபாய்க்கு "ஆமென்" சீக்கிரம் வரும். வெட்கமாய் இருக்கிறது, ஆனாலும் உண்மை.

ரசீதுப் புத்தகம் வரிசை எண் போட்டு அச்சடித்தது. கார்பன் பிரதி புத்தகத்திலேயே நிற்கும். எழுதிக் கெட்டுப்போன ரசீதைக் கிழித்து எறியக்கூடாது. "ரத்து" என்று குறுக்கே எழுதி இரண்டு பிரதியையும் அங்கேயே வையுங்கள், எண் விட்டுப்போனால்தான் சந்தேகம் வரும். ரசீதில் பெயர், தொகை, "காணிக்கை" என்ற ஒரு வார்த்தை. "மகளின் திருமணத் தடைக்காக" என்றெல்லாம் எழுதவேண்டாம்.

பெட்டியை இரண்டு பேர் எண்ணவேண்டும். அந்த இரண்டு பேரும் புருஷன் மனைவியாய் இருக்கக்கூடாது, பாஸ்டரின் மச்சானாயும் இருக்கக்கூடாது. (சிரிக்காதீர்கள், எத்தனை சபையில் அப்படி இருக்கிறது என்று யோசியுங்கள்.) நோட்டு வாரியாக எழுதி இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். வந்த பணம் முழுவதும் முதலில் பேங்குக்குப் போகட்டும். வசூலிலிருந்தே ஆட்டோவுக்கும் காப்பிக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியைக் கட்டினால் வரவும் தப்பு, செலவும் தப்பு. சில்லறைச் செலவுக்கு ஒரு டப்பாவில் ஐந்நூறு ரூபாய் தனியே வையுங்கள். செலவுக்கு வவுச்சர் எழுதி டப்பாவிலேயே போடுங்கள். டப்பாவில் இருக்கும் ரொக்கமும் வவுச்சரும் சேர்ந்தால் எப்போதும் ஐந்நூறு வரும். குறைந்தால் செக் எடுத்து மறுபடி ஐந்நூறாக்குங்கள்.

மாதக் கடைசியில் ரொக்கப் புத்தகத்தையும் பாஸ் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாய் டிக் அடிக்கவேண்டும். கொடுத்த செக் இன்னும் பாஸாகாமல் இருக்கலாம், பேங்க் பிடித்த கட்டணம் நம் புத்தகத்தில் ஏறாமல் இருக்கலாம். அதையும் சரிசெய்த பிறகு வித்தியாசம் வந்தால் பயப்படாதேயுங்கள். அதை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் பெரும்பாலும் எங்கேயோ எண்ணை இடம் மாற்றி எழுதியிருப்பீர்கள், 420ஐ 240 என்று. எனக்கு 180 ரூபாய் உதைத்துக்கொண்டே இருந்தது. மூன்று நாள் தேடினேன். இந்தச் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தவர் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு மூப்பர், பிடித்தது ஐந்து நிமிஷத்தில்.

கட்டணம் வாங்கலாமா?

இதை என்னிடம் கேட்காத வாலிப ஊழியர் இல்லை. கழுதைகளைத் தேடிப்போன சவுல் தேவமனுஷனிடத்தில் வெறுங்கையாய்ப் போக வெட்கப்பட்டான். வேலைக்காரன் கையில் கால் சேக்கல் வெள்ளி இருந்தது (1 சாமு. 9:8). கேட்கப் போகிறவன் எதையாவது கொண்டுபோகிறது அந்நாளிலும் வழக்கம்தான். ஆனால் சாமுவேல் அந்தக் கால் சேக்கலை வாங்கினதாய் எழுதியிருக்கவில்லை. மாறாகச் சவுலைப் பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். எலிசா நாகமானிடத்தில் வாங்க மறுத்தார். பின்னால் ஓடிப்போய் இரண்டு தாலந்தும் இரண்டு மாற்று வஸ்திரமும் வாங்கினவன் கேயாசி. அவன் வாங்கினது எஜமானின் பெயரில், வைத்தது தன் வீட்டில். எஜமானுக்குத் தெரியாத கணக்கு அது.

அதற்காக ஊழியன் பட்டினி கிடக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சுவிசேஷத்தினால் பிழைப்பதற்குப் பவுலே வழி சொல்லுகிறார், அதே அதிகாரத்தில் தனக்கு அந்த அதிகாரம் உண்டென்றும் தான் அதைப் பயன்படுத்தவில்லை என்றும் சொல்லுகிறார் (1 கொரி. 9). படித்துப் பட்டம் பெற்று, கவுன்சலிங்கைத் தொழிலாகச் செய்கிறவர்கள் கட்டணம் வாங்கினால் அதில் பாவமில்லை. ஆனால் உட்காருமுன்னே தொகையைச் சொல்லவேண்டும், வாங்கினதற்கு பில் கொடுக்கவேண்டும், வருமானத்தில் காட்டவேண்டும். தொகையும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல், "ஆவியானவர் ஏவுகிறபடி" என்று முகத்தைப் பார்க்கிற பழக்கம்தான் எனக்குப் பிடிக்காதது. அழுதுகொண்டு எழுந்திருக்கிறவளுக்கு அது கட்டணத்தைவிடப் பாரம்.

நாங்கள் 1998ல் எடுத்த தீர்மானம் இது: ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை, வருகிற காணிக்கை முழுவதும் சபைக் கணக்கில், எனக்கு மாதம் 2,500 ரூபாய் சம்பளம். மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, செக்காய் வாங்கினேன். அமெரிக்காவில் பில்லி கிரகாமும் அவருடைய சகஊழியரும் 1948ல் மொடெஸ்டோ என்ற ஊரில் உட்கார்ந்து பணம் முதலான காரியங்களில் எப்படி நடப்பது என்று பேசி முடிவெடுத்தார்கள். அப்படியிருந்தும் 1950ல் அட்லாண்டா கூட்டங்கள் முடிந்தபோது அங்குள்ள பத்திரிகை, அவர் சிரித்தபடி விடைபெறும் படத்தையும் காணிக்கை மூட்டைகளின் படத்தையும் சேர்த்துப் போட்டது. அன்பின் காணிக்கையை விட்டு நிலையான சம்பளத்துக்கு அவர் மாறினது அதற்குப் பிறகே. ஒரு போட்டோ செய்த வேலை!

சம்பளம் வேண்டாம், எனக்குக் கொடுப்பதெல்லாம் அன்பளிப்பு, அதற்கு வரியும் கணக்கும் எதற்கு என்று ஒரு சகோதரன் என்னிடம் வாதாடினார். எங்கள் ஆடிட்டர் அதற்கு ஒரு வழக்கைச் சொன்னார். திருவிதாங்கூர் போலீஸ் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற கிருஷ்ண மேனன் வேதாந்தம் போதித்துவந்தார். ஆத்மானந்தர் என்றும் சொல்லுவார்கள். லண்டனைச் சேர்ந்த லெவி என்ற சீஷர் அவருக்குப் பெருந்தொகை கொடுத்தார். வரி இலாகா அதை வருமானம் என்றது. அன்பளிப்பு என்று மேனன் சொன்னார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. போதிப்பதும் ஒரு தொழிலே, லாப நோக்கம் இல்லாவிட்டாலும் அந்தப் போதனையின் நிமித்தம் வந்த பணம் வருமானமே என்று கோர்ட் தீர்த்தது. 1959ம் வருஷச் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. வேதாந்தத்துக்கு ஒரு சட்டம், வேதாகமத்துக்கு ஒரு சட்டம் இல்லை. உங்கள் கைக்கு வருவதை ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

போனில் வரும் காணிக்கை

யுபிஐ 2016ல் வந்தது. இப்போது மேஜைச் சகோதரியிடம் ரசீதுப் புத்தகத்தோடு கியூஆர் அட்டையும் இருக்கிறது. அது சபையின் பேங்க் கணக்குக்குரியதாய் இருக்கவேண்டும். பாஸ்டரின் போன் நம்பரைக் கொடுப்பது சுலபம், பிரிப்பது கஷ்டம். பால்காரனுக்குக் கொடுத்ததும் காணிக்கையும் ஒரே ஸ்டேட்மெண்டில் கிடக்கும்.

இதிலே நான் எதிர்பாராத ஒரு ஆபத்து இருந்தது. பணம் அனுப்பும்போது குறிப்பு எழுத ஒரு இடம் இருக்கிறதல்லவா? எங்கள் ஜனம் அதில் ஜெபவிண்ணப்பத்தை எழுதிவிட்டார்கள்! மகனின் குடி, மருமகளின் சண்டை, டாக்டர் சொன்ன வியாதி, எல்லாம் பெயரோடும் தேதியோடும் பேங்க் ஸ்டேட்மெண்டில் அச்சாகி வந்தது. அது நேரே ஆடிட்டர் ஆபீஸுக்குப் போகிற காகிதம். இருபது வருஷத்துக்கு முன் நான் ஓரத்தில் எழுதின அதே தப்பை இயந்திரம் செய்துகொண்டிருந்தது. அன்றே கியூஆர் அட்டையின் கீழ் பெரிதாய் எழுதி ஒட்டினோம்: "குறிப்பில் காணிக்கை என்று மட்டும் எழுதவும். ஜெபவிண்ணப்பத்தை வாயால் சொல்லவும்."

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது எத்தனையோ ஊழியர்கள் கலங்கினார்கள். எங்களுக்கு நவம்பர் 6 ஞாயிற்றுக்கிழமை எண்ணின தாள் இருந்தது, நோட்டு வாரியாக, இரண்டு கையெழுத்தோடு. பேங்கில் கேள்வி வந்தபோது அதைக் காட்டினோம், முடிந்தது. ஆனால் அதே வாரம் ஒருவர் வந்தார். பல மாதம் என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர், நான் நேசித்தவர். "பாஸ்டர், மூணு லட்சம் இருக்கு. காணிக்கை வந்த மாதிரி உங்க கணக்குல போட்டு, மெதுவா எனக்குத் திருப்பித் தாங்க. பத்து பெர்சண்ட் தசமபாகமா எடுத்துக்குங்க" என்றார். முடியாது என்றேன். "என் கதை எல்லாம் உங்களுக்குத் தெரியுமே பாஸ்டர்" என்றார். தெரிந்ததனாலேதான் கஷ்டமாய் இருந்தது. இரகசியத்தைக் காக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தால் அதில் அவருடைய பணமும் அடங்கும் என்று நினைத்துவிட்டார். பெட்டி எண்ணுகிறவர் இரண்டு பேர், எழுதுகிறவர் ஒருவர், நான் நினைத்தாலும் செய்ய முடியாது என்றேன். அவர் திரும்ப வரவில்லை.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. துபாயில் வேலை செய்யும் நம் தம்பி, இந்தியக் குடிமகனாய் இருந்து, தன் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாய் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. ஆனால் அந்நியக் குடியுரிமை வாங்கிவிட்டவர், நம் ஊரில் பிறந்தவரானாலும், ஊழியத்துக்கு அனுப்பும் பணத்துக்கு 2010ம் வருஷ வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட பணம் டெல்லியிலுள்ள ஸ்டேட் பேங்க் பிரதான கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்கவேண்டும். பதிவு இல்லாவிட்டால் அன்போடு வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.

துக்கத்தில் கழற்றிக் கொடுக்கும் வளையலையும் அன்றே வாங்காதேயுங்கள். மூன்று மாதம் கழித்து, வீட்டாருக்குத் தெரிய, அதே மனதாய் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லுங்கள். எங்களிடத்தில் திரும்பி வந்தது ஒன்றே ஒன்று.

அந்த வீட்டுக்குப் போனது

முதலில் சொன்ன காரியத்துக்கு வருகிறேன். 1998ல் புதுப் புத்தகம் போட்டபோது, மளிகைக் கடை மூப்பரை வைத்துக்கொண்டு பழைய நோட்டின் ஓரத்து எண்களை மாத்திரம் நான் வாசிக்க, அவர் எழுதிக் கூட்டினார். அந்தச் சகோதரியின் பெயருக்கு எதிரே 1,865 ரூபாய் வந்தது. அதை எடுத்துக்கொண்டு இருவருமாய் அந்த வீட்டுக்குப் போனோம். முதலில் அவளிடத்தில், "உன் காணிக்கைக் கணக்கை உன் வீட்டுக்காரருக்குச் சொல்லலாமாம்மா?" என்று கேட்டேன். தலையை அசைத்தாள். "எழுதினது இவ்வளவு. எழுதாமல் விட்டதும் இருக்கும், அது என் தப்பு. இந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறோம்" என்றேன்.

அந்த மனுஷன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பணம் வேண்டாம் பாஸ்டர். அவ மனசாரக் கொடுத்தது. ரசீது போட்டுக் கொடுங்க" என்றார்.

அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து எழுதினோம். நான் அதை அவள் கையில் கொடுத்தேன், அவள் அவர் கையில் கொடுத்தாள். வியாழக்கிழமை ஆலோசனைக்கு அவள் மறுபடி வரவில்லை, ஞாயிறு ஆராதனைக்கு வந்தாள். சில மாதம் கழித்து அவரும் வந்து வாசல்பக்கம் உட்கார ஆரம்பித்தார். அந்த ரசீதின் கார்பன் பிரதி இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. எண் 1, தொகை ரூ.1,865, விவரம்: காணிக்கை.